வான்கூவர் சிட்டி வான்கூவர் தீவுல இல்லையா? அப்ப ஏன் அந்தப் பேரு?

ஆமாங்க, இல்லதான். சிட்டி இருக்கிறது மெயின்லேண்ட்ல, தீவு கடலுக்கு அந்தப் பக்கம். அங்க இருக்கிற விக்டோரியாதான் கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கே தலைநகரம். நான் இந்தப் பக்கம் சர்ரேல இருக்கேன், இங்க யாரும் முழுப்பேரு சொல்றதில்ல, வெறும் "ஐலண்டு"தான். குட்டித் தீவுன்னு நினைச்சிடாதீங்க, நீளம் மட்டுமே சுமார் 450 கிலோமீட்டர்.

பேரு முதல்ல தீவுக்குத்தான் வந்துச்சு. 1792ல இந்தக் கரை யாருக்குன்னு ஸ்பெயினுக்கும் பிரிட்டனுக்கும் இழுபறி, அதைப் பேசி முடிக்க தீவோட மேற்குல நூட்கா சவுண்ட்ங்கிற இடத்துக்கு ஸ்பெயின் சார்பா குவாட்ராவும் பிரிட்டன் சார்பா கேப்டன் ஜார்ஜ் வான்கூவரும் வந்தாங்க. பேச்சுவார்த்தை என்னவோ ஊத்திக்கிச்சு, ஆனா ரெண்டு பேரும் செம தோஸ்த் ஆயிட்டாங்க. குவாட்ரா விருந்துன்னா உலகத்தோட அந்தக் கோடிலயும் வெள்ளித்தட்டுல அஞ்சு கோர்ஸ் சாப்பாடு! அந்த ஊர்ப் பூர்வகுடித் தலைவர் மக்வின்னாவை ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பார்த்துட்டு வந்தாங்க, திரும்புற வழியில குவாட்ரா "நம்ம சந்திப்பு ஞாபகமா எதுக்காவது நம்ம ரெண்டு பேர் பேரையும் வைங்களேன்"னு கேட்க, வான்கூவரும் தீவுக்கே "குவாட்ரா அண்ட் வான்கூவர்"னு வச்சிட்டார்.

அப்புறம் ஸ்பெயின் ஒதுங்கிடுச்சு, பிரிட்டிஷ்காரன் கை ஓங்கிடுச்சு, மேப்ல குவாட்ரா மெதுவா காணாமப் போயிட்டார். 1849ல இதைத் தனிக் காலனி ஆக்குறப்ப வெறும் வான்கூவர் ஐலண்டுதான். கேட்டவர் பேரு போச்சு, வச்சவர் பேரு நிக்குது, என்னைக் கேட்டா இது அநியாயம். பிற்பாடு பக்கத்துல ஒரு சின்னத் தீவுக்கு குவாட்ரான்னு வச்சாங்க, ஆறுதல் பரிசு மாதிரி. (இவங்க வர்றதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடியே நூ-சா-நுல்த் மாதிரி பூர்வகுடிங்க அங்க இருக்காங்க, அவங்க ஊருக்கெல்லாம் பேரு ஏற்கனவே இருந்துச்சு, அதை யாரு கேட்டா.)

சிட்டி ரொம்ப லேட். ரயில் கம்பெனிக்காரங்க அவங்க பாதை வந்து முடியுற ஊருக்கு இந்தப் பேரையே புடிச்சாங்க, 1886ல நகரம் ஆச்சு. குழப்பம் அன்னையில இருந்துதான்.

2010ல இலங்கைத் தமிழர் 492 பேரோட சன் சீ கப்பல் வந்துச்சே, அதை வான்கூவருக்கு வந்த கப்பல்னே நிறைய பேர் சொல்வாங்க, கப்பல் போய் நின்னது தீவுல விக்டோரியாவை ஒட்டின எஸ்குவிமால்ட் கடற்படைத் தளத்துல.

டூர் வர்றவங்க ஹோட்டல் போடுறப்ப எந்தப் பக்கம்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க, ரெண்டுக்கும் நடுவுல பாலம் கிடையாது, ஃபெர்ரியிலயே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும், லாங் வீக்கெண்ட்ல ரிசர்வேஷன் இல்லாம காரோட போனீங்கன்னா க்யூலயே பாதி நாள் போயிடும்.