வீடியோ கிளப்: கேள்வி பதில்

பொழுதுபோக்காகச் சேர்ந்து வீடியோ எடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எந்த மாடல் காமிரா நல்லது என்ற கேள்விகளை விட்டுவிட்டேன். கிளப்புக்கு அது அவ்வளவு முக்கியமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நண்பர்கள் சேர்ந்து கிளப் ஆரம்பித்திருக்கிறோம். எல்லோரிடமும் போன்தான். காமிரா வாங்கிய பிறகு எடுக்கலாமா அக்கா?

காத்திருக்காதீர்கள், போன் போதும். கையில் பணம் இருந்தால் முதலில் மைக், அப்புறம் டிரைபாட். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் காதில் விழாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

மாதம் இரண்டு முறை கூடுகிறோம். பேச்சிலேயே நேரம் போகிறது, படம் ஒன்றும் முடிந்தபாடில்லை. கூட்டத்தில் என்ன செய்யலாம்?

நிறைய கிளப்புகள் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். முதல் படமே இருபது நிமிடக் குறும்படமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஸ்கிரிப்டைத் திருத்துவதிலேயே ஆர்வம் வடிந்துவிடும். ஒரு நிமிடம் என்று எல்லை போடுங்கள். அமெச்சூர் திரைப்படக் குழுக்களின் சர்வதேச அமைப்பான யூனிக்காவின் விழாவிலேயே ஒரு நிமிடப் படங்களுக்குத் தனிப் போட்டி உண்டு, அதனால் இதைக் குழந்தை வேலை என்று நினைக்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி, எடிட்டிங் இல்லாமல் படம் முடிப்பது. கதை போகிற வரிசையிலேயே ஷாட்களை எடுக்க வேண்டும். ஒரு ஷாட்டுக்கு ஒரே டேக். எடுத்த கிளிப்களை வெட்டாமல் அப்படியே சேர்த்து அன்றைக்கே போட்டுப் பார்க்க வேண்டும். 'அப்புறம் எடிட்டிங்கில் பார்த்துக்கலாம்' என்ற வழியே இல்லாததால், ரெக்கார்ட் பட்டனை எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்று ஒவ்வொரு ஷாட்டிலும் யோசித்தாக வேண்டும்.

வெளியே போக முடியாத நாளில், ஒரே காட்சியின் ஃபுட்டேஜை, அதாவது வெட்டாத வீடியோப் பதிவை, எல்லோருக்கும் கொடுத்துத் தனித்தனியாக எடிட் செய்யச் சொல்லுங்கள். எடிட்டிங் மென்பொருள்களில் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு அல்லது ஷாட்கட் இதற்குத் தாராளமாகப் போதும். ஒரே முகபாவத்தை ஒருவர் சோகமாகவும் இன்னொருவர் கோபமாகவும் மாற்றியிருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கிடைக்கிற பாடத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

எல்லோருக்கும் டைரக்டராகத்தான் ஆசை. மைக் பிடிக்க ஆளில்லை.

படத்துக்குப் படம் வேலையை மாற்றிக் கொடுங்கள். அடுத்த படத்தை இயக்க வேண்டும் என்றால் இந்தப் படத்தில் மைக் பிடித்திருக்க வேண்டும் என்று விதியே வைக்கலாம். ஒலிப்பதிவு செய்தவர் இயக்கும்போது இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே கவனம் கூடியிருக்கும்.

முதல் திரையிடலில் எல்லோரும் சேர்ந்து குறை சொன்னதில் ஒரு தம்பி வருவதையே நிறுத்திவிட்டான். விமர்சனமே வேண்டாமா?

விமர்சனம் கண்டிப்பாக வேண்டும், ஆனால் அதற்கு ஒரு முறை வேண்டும். படம் முடிந்ததும் எடுத்தவர் பேசாமல் இருக்கட்டும். பார்த்தவர்கள் முதலில் தங்களுக்குக் கதை என்ன புரிந்தது என்று மட்டும் சொல்லட்டும். நல்லது கெட்டது இன்னும் வேண்டாம். அவர் சொல்ல நினைத்ததும் இவர்கள் புரிந்துகொண்டதும் எங்கே விலகுகின்றன என்று அவருக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு அவர் கேள்வி கேட்கட்டும். கடைசியாகத்தான் யோசனைகள், அதுவும் குறிப்பாக: 'இழுவையாக இருக்கிறது' என்பதால் பயனில்லை, 'கதவைத் திறக்கும் ஷாட்டைப் பாதியில் வெட்டலாம்' என்றால் பயனுண்டு. அந்தத் தம்பியை யாராவது நேரில் போய்க் கூப்பிடுங்கள். குழுவில் மெசேஜ் போட்டால் போதாது.

யூடியூபே எல்லாம் சொல்லித் தருகிறதே, இப்போது கிளப் எதற்கு?

16 மி.மீ. ஃபிலிம் 1923-இல் வந்ததும் வீட்டுப் படங்கள் எடுப்பது எளிதானது. 1926-இல் நியூயார்க்கில் அமெச்சூர் சினிமா லீக் தொடங்கியது, யூனிக்கா 1937-இல் உருவானது. அந்தக் காலத்தில் ஃபிலிமும் புரொஜெக்டரும் விலை அதிகம், பகிர்ந்துகொள்வதற்கே ஆட்கள் சேர வேண்டியிருந்தது. கருவிக்காகச் சேரும் அவசியம் இன்று இல்லைதான். ஆனால் நம் படம் ஓடும்போது பத்துப் பேர் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்கிறார்கள், எந்த இடத்தில் போனை எடுக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்க வேறு எங்கே முடியும்?

டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது.

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டர் ஸ்பீடை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 விநாடி என்று வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. போனில் ஷட்டரை நாமே மாற்ற வசதியுள்ள காமிரா ஆப் வேண்டும். மட்டமான எல்.இ.டி. விளக்குகள் சில இதற்கும் அடங்காது. விளக்கை மாற்றுவதுதான் வழி.

நடிப்பவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. எடிட்டிங்கில் சரிசெய்யலாமா?

எதிரொலியை முழுதாக நீக்குவது கஷ்டம். மைக்கை வாய்க்கு அருகில், ஃபிரேமின் விளிம்பு வரை கொண்டுபோங்கள். வெறும் சுவர் உள்ள அறையில் போர்வை, திரைச்சீலை தொங்கவிடுங்கள். ஒலியைத் தனியாகப் பதிவு செய்தால் ஷாட்டின் தொடக்கத்தில் ஒரு முறை கை தட்டுங்கள், படத்தையும் ஒலியையும் பொருத்த (சிங்க் செய்ய) அதுவே போதும். கிளம்பும் முன் எல்லோரையும் அமைதியாக நிறுத்தி அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே வரும் இடைவெளிகளை அதுதான் நிரப்பும்.

பாடலுக்கு நன்றி போட்டுவிட்டால் பயன்படுத்தலாம்தானே?

நன்றி வேறு, அனுமதி வேறு. நிபந்தனைகளோடு எல்லோரும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் இசையிலும் உரிமத்தைப் படித்துப் பாருங்கள். 'என்.டி.' (மாற்றம் செய்யக்கூடாது) என்று இருந்தால் அதை வீடியோவுடன் சேர்த்து வெளியிட முடியாது, ஏனென்றால் படத்தோடு இசையை இணைப்பதே மாற்றம் செய்ததாகக் கருதப்படும். கிளப்பில் யாராவது வாசிப்பவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள், படத்துக்கென்றே இசை கிடைக்கும்.

ஃபுட்டேஜை எவ்வளவு நாள் வைத்திருப்பது?

விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும், எல்லாவற்றையும் சேர்த்துவைக்க முடியாது. படம் முடியும் வரை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். முடிந்த பிறகு இறுதிப் படம், எடிட்டிங் மென்பொருளின் புராஜெக்ட் ஃபைல், அதில் பயன்பட்ட கிளிப்கள், இவ்வளவு போதும். மற்றதை அழிக்கும் முன் நடித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சிலருக்குத் தங்கள் காட்சிகள் வேண்டியிருக்கும்.