இரைப்பையில் இன்னொரு கட்டி: எண்டோஸ்கோபி மருத்துவரின் பதில்கள்

அப்பாவுக்கு இரைப்பையில் ஆரம்பநிலைப் புற்று. எண்டோஸ்கோபி வழியாகவே சுரண்டி எடுத்துவிட்டார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் வேறொரு இடத்தில் இன்னொன்று. பரவிவிட்டதா டாக்டர்?

பதறாதீர்கள் அம்மா. முதலில் எடுத்த இடத்திலிருந்து தள்ளி, நடுவில் புற்றில்லாத சவ்வு இருந்தால், அது பெரும்பாலும் தனியாக முளைத்ததுதான். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி பல ஆண்டுகள் தங்கியிருந்த இரைப்பையில் சவ்வு மெலிந்துபோகும், சில திட்டுகள் குடல் சவ்வு போலவே மாறிவிடும். கெட்டுப்போனது நிலம் முழுவதும். அதில் ஒரே இடத்தில்தான் களை முளைக்கும் என்று யார் சொன்னது? ஓராண்டுக்குள் தென்படும் இரண்டாவது கட்டியை, முதல் கட்டியோடு ஒரே காலத்தில் இருந்ததாகவே நாங்கள் கணக்கில் எடுக்கிறோம். இதுவும் ஆரம்பநிலைதான் என்றால் இதையும் அதே முறையில் எடுக்க வாய்ப்பு உண்டு. இரண்டு பயாப்ஸி ரிப்போர்ட்டையும் பழைய படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அப்படியானால் அன்றைக்கே இருந்ததை டாக்டர் பார்க்காமல் விட்டாரா?

விட்டிருக்கலாம். எனக்கும் நடந்திருக்கிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னப் பள்ளத்தைக் கண்டுபிடித்தேன். படம், பயாப்ஸி எல்லாம் அங்கேயே. கண்டுபிடித்துவிட்ட நிறைவில் மேலே இருந்த வெளிறிய திட்டில் என் கண் நிற்கவில்லை. அடுத்த முறைதான் அது தெரிந்தது. அந்த நோயாளியின் முகம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. முதல் கட்டி கிடைக்கும் நொடிதான் ஆபத்தான நொடி. அப்போது நம்மை அறியாமலேயே தேடல் முடிந்துவிடுகிறது. இரண்டாவது கட்டி பல நேரம் முதலதைவிடச் சிறியதாகவும் தட்டையாகவும் வேறு இருக்கும்.

நான் பயிற்சி மருத்துவர். அதைத் தவறவிடாமல் இருக்க எப்படிப் பார்ப்பது சார்?

முதலில் கழுவுங்கள் தம்பி. நுரையும் சளியும் மூடிய சவ்வில் யாருக்கும் எதுவும் தெரியாது. நுரையை அடக்கும் சிமெத்திகோன் மருந்து கலந்த நீரை முன்கூட்டியே குடிக்கக் கொடுத்தால் பாதி வேலை குறையும். பிறகு மடிப்புகள் விரியும் அளவுக்குக் காற்று விடுங்கள்.

ஜப்பானின் கென்ஷி யாவோ வகுத்த முறையில் இரைப்பைக்கு மட்டும் 22 படங்கள். கீழ்ப்பகுதியில் தொடங்கி நான்கு சுவர்களையும் வரிசையாக எடுத்துக்கொண்டே மேலே வந்து, ஸ்கோப்பைத் திருப்பி மறுபடியும் எடுப்பார்கள். எண்ணிக்கைக்காக அல்ல, எந்த மூலையும் விடுபடக் கூடாது என்பதற்காக. நடுப்பகுதியின் பின்சுவரில் கேமரா சாய்வாகவே உரசிப் போகும், அங்கே நின்று பாருங்கள். உணவுக்குழாய் வந்து சேரும் வாயின் கீழேயும் அப்படித்தான்.

தட்டையான புற்று கட்டி போலவே இருக்காது. சற்றுச் சிவந்த அல்லது வெளிறிய நிறம், சட்டென்று அறுபடும் மடிப்பு, தொட்டால் கசியும் ரத்தம், இவ்வளவுதான் தடயம். சந்தேகமான இடத்தில் என்பிஐ ஒளிக்கு, அதாவது ரத்தக்குழாய்களைத் தெளிவாகக் காட்டும் ஸ்கோப்பின் நீல-பச்சை ஒளிக்கு மாற்றி, சுற்றுச் சவ்விலிருந்து அது தெளிவான எல்லைக்கோட்டோடு பிரிகிறதா என்று பாருங்கள். இண்டிகோ கார்மைன் சாயம் தெளித்தால் மேடுபள்ளம் எழுந்து வரும்.

இன்னொன்று, முழு இரைப்பையையும் பார்த்து முடித்த பிறகே பயாப்ஸி எடுங்கள். முதலிலேயே கிள்ளினால் வடியும் ரத்தம் மற்றதை மறைத்துவிடும். ஒவ்வொரு இடத்துக்கும் தனி பாட்டில்.

எவ்வளவு நேரம் பார்த்தால் போதும்?

சிங்கப்பூரில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், சராசரியாக 7 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மருத்துவர்கள், ஆபத்தான மாற்றங்களை வேகமாக முடித்தவர்களைவிட இரு மடங்கு எண்ணிக்கையில் கண்டுபிடித்தார்கள். ஒரு கட்டி ஏற்கெனவே கிடைத்துவிட்டால் அந்த 7 நிமிடமும் எனக்குப் போதாது.

கிருமிக்கு மாத்திரை முழு கோர்ஸ் சாப்பிட்டாயிற்று. இனி பயமில்லையே?

நல்லது செய்தீர்கள். ஆரம்பநிலைப் புற்றை எண்டோஸ்கோபியில் எடுத்த 544 பேரை ஜப்பானில் 3 ஆண்டு கவனித்தார்கள். 2008-இல் வந்த முடிவு இது: கிருமியை ஒழிக்க மருந்து கொடுத்த 272 பேரில் 9 பேருக்குப் புதிய புற்று, கொடுக்காத 272 பேரில் 24 பேருக்கு. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது பெரிய விஷயம். ஆனால் அந்த 9 பேரை மறந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபியை, உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், தள்ளிப்போடக் கூடாது.

குமட்டலுக்குப் பயந்து மயக்க ஊசி கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். ஓங்கரித்துக்கொண்டே இருப்பவரிடம் எந்த மருத்துவராலும் நிதானமாகப் பார்க்க முடியாது. ஊசி போட்ட அன்று மட்டும் வண்டி ஓட்டாதீர்கள், வீட்டிலிருந்து ஒருவரைக் கூட அழைத்து வாருங்கள்.