மல்லாட்டைக் கொல்லையில் இரண்டு சுவர்க்கோழிகள்

அன்புள்ள ஐயா,

காட்பாடிக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊர் மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லைகளில் ஐப்பசியில் பெரிய கருப்புச் சுவர்க்கோழியும் பங்குனியில் சிறியதும் கிடைக்கின்றன. இவை இரண்டு இனமா? அல்லது பகல் நீளம் மாறுவதால் ஒரே இனம் இரண்டு அளவில் வளர்கிறதா? இரண்டையும் கலந்தால் குஞ்சு வருமா? மாணவிகளை வைத்துச் சோதித்துப் பார்க்க ஆசை.

கலைவாணி

அன்புள்ள கலைவாணி,

அளவை வைத்து இனத்தைச் சொல்லிவிட முடியாது. எத்தனை முறை தோலுரித்தது, எத்தனை நாள் வளர்ந்தது என்பதைப் பொறுத்து ஒரு தாயின் குஞ்சுகளே பெரிதும் சிறிதுமாக வரும். சிறகும் அப்படித்தான், ஒரே இனத்தில் நீளமும் குட்டையும் உண்டு. முதலில் ஆணின் பாட்டை மொபைலில் பதிவுசெய்யுங்கள். பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுதுங்கள், சூடு ஏறினால் பாட்டும் வேகமெடுக்கும்.

பாட்டு ஒன்றாக இருந்தாலும் இனம் ஒன்று என்று முடிவுகட்டாதீர்கள். வட அமெரிக்காவில் கிரில்லஸ் வெலெடிஸ் என்ற சுவர்க்கோழி குஞ்சாகக் குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் பாடும். கிரில்லஸ் பென்சில்வானிகஸ் என்ற இன்னொன்று முட்டையாகக் கழித்து இலையுதிர்காலத்தில் பாடும். பாட்டில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஒரே இனம் பருவத்தால் பிரிந்து இரண்டானது என்று 1960இல் பூச்சி ஆய்வாளர்கள் அலெக்சாண்டரும் பிகலோவும் எழுதினார்கள். பிற்பாடு மரபணுவைப் பார்த்தபோது, இரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவே இல்லை என்று தெரிந்தது.

அடுத்து பகல் நீளம். வேலூரில் ஆனியில் சுமார் 12 மணி 50 நிமிடம், மார்கழியில் 11 மணி 20 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். சின்சோ மசாகி ஆராய்ந்த ஜப்பானின் ஹிரோசாகியில் கோடைப் பகல் 15 மணி, குளிர்காலப் பகல் ஒன்பதேகால் மணி. அங்குள்ள டெலியோகிரில்லஸ் எம்மா என்ற சுவர்க்கோழியின் குஞ்சுகள் பகல் குறுகக் குறுக வேகமாக முதிர்ந்து, பனிக்கு முன் முட்டையிட்டுவிடும். நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது மண்ணின் ஈரத்தையும் வெயிலையும்தான். சிறகு உடலோடு சேரும் இடத்தில் இரண்டு வெளிர் புள்ளி இருந்தால் அது கிரில்லஸ் பைமாகுலேட்டஸ் என்ற இனமாக இருக்கலாம். அதற்குக் குளிர்கால உறக்கம் கிடையாது.

இருந்தாலும் சோதியுங்கள். ஒரே தாயின் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பெட்டிக்கு 13 மணி வெளிச்சம், மற்றதற்கு 11 மணி கொடுங்கள். இங்கே பெரும்பாலும் கெடுப்பது எல்.இ.டி. விளக்கின் சூடு. விளக்கு கூடுதல் நேரம் எரியும் பெட்டி ஒன்றிரண்டு டிகிரி ஏறிவிடும், அதனால் குஞ்சு சீக்கிரம் முதிரும், நாம் அதைப் பகல் நீளத்தின் வேலை என்று எழுதிவிடுவோம். விளக்கைப் பெட்டிக்கு வெளியே கண்ணாடிக்கு அப்பால் வையுங்கள், இரு பெட்டிக்குள்ளும் தெர்மாமீட்டர் இருக்கட்டும். கரண்ட் போனால் சாதாரண டைமர் பின்தங்கும். பேட்டரி உள்ளது வாங்குங்கள். இருட்டு நேரத்தில் ஜன்னல் இடுக்கு வெளிச்சமோ செல்போன் டார்ச்சோ பட்டால் கணக்கு கெட்டுவிடும்.

வழவழப்பான பிளாஸ்டிக் பெட்டி, வலை மூடி, ஒளிய முட்டை அட்டை, தீனிக்குக் கோழிக்குஞ்சுத் தீவனம். தண்ணீரைத் திறந்து வைத்தால் குஞ்சுகள் மூழ்கிச் சாகும். நனைத்த பஞ்சில் கொடுங்கள். நெருக்கிப் போட்டால், தோலுரித்து வெளுத்துக் கிடப்பதை மற்றவை தின்றுவிடும். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தாவிட்டால் எறும்பு ஒரே இரவில் முடித்துவிடும். முட்டையிட மூன்று, நான்கு செ.மீ. ஆழத்துக்கு ஈரமணல் போதும். முட்டை இட்ட சில நாளில் நீரை உறிஞ்சிப் பருக்கும், அப்போது மணல் காய்ந்தால் செத்துப்போகும். பைமாகுலேட்டஸ் முட்டை 28-30 டிகிரியில் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் பொரிக்கும்.

கலப்புக்கு இதுவரை ஆணோடு கூடாத பெண் பூச்சிதான் வேண்டும். கொல்லையில் பிடித்த பெண்ணின் உடலுக்குள் பழைய விந்து சேமிப்பில் இருக்கும். அதை வைத்துக் கலப்பு செய்தால் யாருடைய குஞ்சு என்றே தெரியாது. கடைசித் தோலுரிப்புக்கு முன்பே பின்புறம் முட்டையிடும் ஊசி நீண்டு தெரியும், அப்போதே பெண்களைத் தனியாக்குங்கள். முதிர்ந்து ஒரு வாரம் கழித்து ஆணைச் சேர்க்கலாம். கூடியதும் பெண்ணின் பின்புறம் வெள்ளைச் சொட்டுப்போல விந்துப்பை ஒட்டியிருக்கும். விந்து உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரமாவது தொந்தரவு செய்யாதீர்கள்.

கலப்பை இரு திசையிலும் செய்தாக வேண்டும். ரிச்சர்ட் ஹாரிசன் ஆராய்ந்த இணையில், மேலே சொன்ன பென்சில்வானிகஸின் பெண்ணும் கிரில்லஸ் ஃபிர்மஸ் என்ற இனத்தின் ஆணும் சேர்ந்தால் குஞ்சு வரும். ஃபிர்மஸ் பெண்ணும் பென்சில்வானிகஸ் ஆணும் சேர்ந்தால் வராது. ஒரு திசையை மட்டும் பார்த்திருந்தால் தவறான முடிவுக்குத்தான் போயிருப்போம். வர்ஜீனியாவில் ஃபிர்மஸ் தாமதமாக முதிர்வதால் இரண்டும் சந்திப்பது குறைவு. கனெக்டிகட்டில் ஒரே சமயத்தில் முதிர்ந்தும் முழுக்கக் கலந்துவிடவில்லை. அங்கே ஃபிர்மஸ் மணலிலும் மற்றது வண்டல் கலந்த மண்ணிலும் அதிகம். எனவே பூச்சி பிடித்த இடம் பாலாற்று மணலா, செம்மண் கொல்லையா என்றும் குறித்துவையுங்கள். குஞ்சு வந்தாலும் வேலை முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் டெலியோகிரில்லஸ் கம்மோடஸ், டெலியோகிரில்லஸ் ஓசியானிகஸ் என்ற இரு சுவர்க்கோழிகளின் கலப்பில் பிறக்கும் பெண்கள் மலடு.

கூடவே ஒரே வகை இணைகளையும் அதே மணலில், அதே சூட்டில் வளர்த்துவாருங்கள். அவற்றின் முட்டையும் பொரிக்காவிட்டால் குற்றம் மணலில். அவை பொரித்து, கலப்பு முட்டை மட்டும் நான்கு வாரமாகியும் பொரிக்கவில்லை என்றால் லென்ஸில் பாருங்கள். சுருங்கியோ பூசணம் பிடித்தோ இருந்தால் செத்தது. பருத்துத் தெளிவாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், உறக்கத்தில் இருக்கலாம். உறக்கம் கலைய, ஈரம் காயாமல் பிரிட்ஜின் காய்கறித் தட்டில் 10 டிகிரி அளவில் இரண்டு மூன்று மாதம் வைத்து, பிறகு வெளியே எடுத்துப் பொரிக்கிறதா என்று பாருங்கள்.