வல்லரசு நிலை எப்படி வருகிறது, எப்படிப் போகிறது?

ஒரு நாடு வல்லரசாவதும் அந்நிலையை இழப்பதும் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். படைபலத்தைவிடக் கடன் கொடுக்கும் வலிமையே முதன்மையானது என்பது என் கருத்து. காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பிலுள்ள பர்மாத் தேக்குத் தூண்களைத் தொடும்போதெல்லாம், நகரத்தார் பிரிட்டன் ஆண்ட பர்மாவில் வட்டித்தொழில் நடத்தியது பிரிட்டனின் கப்பல்களும் நீதிமன்றங்களும் தந்த பாதுகாப்பில்தான் என்பது நினைவுக்கு வரும். 1942இல் ஜப்பான் பர்மாவின் தலைநகரான ரங்கூனைப் பிடித்ததும் அந்தப் பாதுகாப்பு அடியோடு கலைந்தது. போரில் வென்றும் பிரிட்டன் கடனாளியாகவே மிஞ்சியது: 1945இல் அமெரிக்காவிடம் ஒப்பந்தமிட்டு வாங்கிய 375 கோடி டாலரை அடைத்து முடிக்க 2006 ஆயிற்று. 1956இல் சூயஸ் கால்வாய்க்குப் படை அனுப்பியபோது, பவுண்டு தள்ளாட, அமெரிக்கா கைகொடுக்க மறுத்ததால் பின்வாங்க நேர்ந்தது. சோவியத் ஒன்றியமோ, அணுகுண்டுகள் குவிந்திருந்தும், பொருளாதாரம் தளர்ந்து 1991இல் சிதறியது. அமெரிக்கா நிலைத்திருப்பதற்கு, உலக நாடுகள் இன்னும் டாலரில் கையிருப்பு வைப்பது பெருங்காரணம்.