சுவர் கழுவ ஆசிட் எதுக்குங்க?

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு பக்கமும் 22 வருஷமா பெயின்ட் வேலையும் கட்டடம் கழுவுற வேலையும் பார்க்கிறேன். மழை விட்டாச்சு, பொங்கல் வருது. "அண்ணா, வெளிச்சுவருக்கு எந்த மருந்து போடலாம்?"னு நம்ம வீட்டுக்காரங்க குழுவுல கேள்வி குவிஞ்சுபோச்சு. தனித்தனியா சொல்லி மாளல, அதனால எல்லாத்துக்கும் இங்கயே பதில். நான் கெமிஸ்ட்ரி படிச்சவன் இல்ல. பாதி கை வெந்து கத்துக்கிட்டது, மீதி தெரிஞ்சவங்களைக் கேட்டுக் கத்துக்கிட்டது.

பென்னாகரத்துல இருந்து ஒரு அக்கா: வடக்குச் சுவர் மழை வந்தாலே கருப்பாயிடுது தம்பி. சைக்கிள்ல வர்றவர்கிட்ட ஆசிட் ரெண்டு பாட்டில் வாங்கி வெச்சிருக்கேன். எவ்வளவு தண்ணி கலக்கணும்?

கலக்கவே வேண்டாங்க்கா. அந்தக் கருப்பு அழுக்கில்ல, பாசி. உசுரோட இருக்கிறது. வடக்குச் சுவர்ல வெயில் குறைவு, ஈரம் சீக்கிரம் காயாது, அதனால அங்கயே குடியேறிடுது. ஆசிட் ஊத்தினா கருப்பு போன மாதிரி தெரியும். நிஜத்துல பாசியோட சேர்த்து சிமென்ட்டோட மேல்தோலையும் அரிச்சு எடுத்திருக்கும். சுவர் சொரசொரன்னு ஆயிடும். அந்தச் சொரசொரப்புல அடுத்த மழைக்குப் பாசி இன்னும் நல்லா ஒட்டும். வருஷா வருஷம் ஆசிட் ஊத்துற வீட்டுச் சுவர்தான் வருஷா வருஷம் அதிகமா கருக்குது. நான் பார்த்த வரைக்கும் இதுல மாற்றமே இல்ல.

பாசிதானான்னு சந்தேகம் இருந்தா காது குடையுற பஞ்சுக் குச்சியை பிளீச்ல நனைச்சு ஒரு இடத்துல ஒத்தி வைங்க. அஞ்சு நிமிஷத்துல அந்தப் பொட்டு வெளுத்தா பாசி, பூஞ்சை. வெளுக்கலைன்னா புகை, தூசி, துரு, வேற ஏதோ. எந்த மருந்து வாங்குறதுன்னு இந்த ஒரு பொட்டு சொல்லிடும்.

பாசிக்கு மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது பிளீச். கெமிக்கல் கடையில கேன்ல கிடைக்கும், புதுசா இருந்தா பெரும்பாலும் 10 சதவீதம் இருக்கும். ஒரு லிட்டருக்கு ஒன்பது லிட்டர் தண்ணி சேர்த்தா சுவர்ல படறப்ப 1 சதவீதம். அது போதும். லேசான பாசிக்கு அதுலயும் பாதி. வீட்டுக்குன்னு பாட்டில்ல விக்கிற பிளீச் 4, 5 சதவீதம்தான் இருக்கும், அதுக்கு நாலு பங்கு தண்ணி. நேரா நிக்கிற சுவர்ல மருந்து வழிஞ்சு ஓடிடும். நிக்கறதுக்கு வாசனையில்லாத சோப்பு லிக்விட் கொஞ்சம் சேர்க்கலாம். எலுமிச்சை, வினிகர், அம்மோனியான்னு எழுதின எதையும் சேர்க்காதீங்க.

கீழ இருந்து மேல அடிங்க. மேல இருந்து அடிச்சா வழியற கோடு அப்படியே நின்னுடும். 10, 15 நிமிஷம் விடுங்க, காய விடாதீங்க. அப்புறம் நிறையத் தண்ணி விட்டு மேல இருந்து கீழ அலசுங்க. சுவரோரம் மல்லிச் செடி இருந்தா முன்னாடியே தண்ணி ஊத்தி நல்லா நனைச்சிடுங்க, முடிச்சதும் இன்னொரு தடவை ஊத்துங்க. நனைஞ்ச இலை மருந்தைக் குடிக்காது.

கேனை வெயில்ல வைக்காதீங்க. நம்ம ஊர் சித்திரை வெயில்ல தகரக் கொட்டகையில கிடந்த ஹைப்போகுளோரைட் ரெண்டு மாசத்துல பாதி தண்ணி. "இந்தக் கம்பெனி சரக்கு சரியில்ல"ன்னு திட்டறவங்கள்ல பாதிப் பேர் கேனை மொட்டை மாடியில வெச்சவங்க.

பாலக்கோட்டுத் தம்பி: பஞ்சாயத்துல தண்ணித் தொட்டிக்குப் போடற பிளீச்சிங் பவுடரே வீட்ல இருக்குண்ணா. அது ஆகாதா?

ஆகும். ஆனா அதுல பெரும்பங்கு சுண்ணாம்பு. கரைச்சு அப்படியே அடிச்சா காய்ஞ்சதும் சுவர்ல வெள்ளைத் திட்டு நிக்கும், ஸ்பிரேயர் மூக்கு அடைச்சுக்கும். பிளாஸ்டிக் பக்கெட்ல கரைச்சு அரை மணி நேரம் தெளிய விட்டு, மேல்தண்ணியை மட்டும் துணியில வடிகட்டி எடு.

ஸ்பிரேயர்னதும் ஞாபகம் வருது. மாந்தோப்புக்கு மருந்து அடிக்கிற ஸ்பிரேயரை இதுக்கு எடுக்காதே. உள்ள மிச்சம் இருக்கிற பூச்சி மருந்தும் குளோரினும் சேர்ந்தா என்ன புகை வரும்னு யாராலும் சொல்ல முடியாது. அதே மாதிரி பிளீச் ஊத்தின டேங்க்கைத் திரும்பத் தோப்புக்குக் கொண்டுபோனா மாம்பூ கருகும். தனியா ஒண்ணு வாங்கிக்கோ.

கிருஷ்ணகிரியில இருந்து ஒருத்தர்: சார், முன்பக்கம் முழுக்க கிரானைட் ஒட்டியிருக்கோம். கட்டட வேலை முடிஞ்சதும் மேஸ்திரி சிமென்ட் கறை போக ஆசிட் போட்டுக் கழுவினார். ஆறு மாசத்துல கல்லுல மஞ்சள் படர்ந்திருச்சு.

கிரானைட் ஊர்லயே கிரானைட்டுக்கு இந்தக் கதி! கல்லுக்குள்ள இரும்புச் சத்து இருக்குங்க சார். ஆசிட் அதை இளக்கி விடுது, அப்புறம் காத்தும் ஈரமும் பட்டு அது துருவா மாறுது. நீங்க பார்க்கிற மஞ்சள், கல்லுக்குள்ள இருந்து வந்த துரு. மேல ஒட்டின அழுக்குன்னு நெனச்சு இன்னொரு தடவை ஆசிட் போட்டா இன்னும் மஞ்சளாகும்.

இப்போ செய்யக்கூடியது: ஆக்ஸாலிக் ஆசிட் தூள், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 50 கிராம். வெள்ளைத் துணியை அதுல நனைச்சு, கண்ணுல படாத ஒரு மூலையில 20 நிமிஷம் ஒட்டி வைங்க. அலசி, காயவிட்டு, மறுநாள் பாருங்க. குறைஞ்சிருந்தா மத்த இடத்துக்கும் செய்யலாம். முழுசா போகும்னு வாக்கு தர மாட்டேன். பேர்ல ஆசிட்னு இருந்தாலும் இது துருவைப் பிடிச்சு இழுக்கிற ரகம். ஆனா விஷம். கையுறை கட்டாயம், குழந்தைங்க கையில படவே கூடாது. பக்கத்துல மார்பிள் இருந்தா அது மேல ஒரு சொட்டுகூட விழக்கூடாது, பளபளப்பு போயிடும்.

ஒரு எச்சரிக்கை. "கல்லுக்குன்னே வந்த துரு நீக்கி"ன்னு விக்கிற சிலதுல ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் வகை இருக்கும். அது கண்ணாடியையே அரிக்கும், கிரானைட்டையும் விடாது. தோல்ல பட்டா உடனே வலிக்காமலும் இருக்கும், உள்ளே இறங்கி எலும்பு வரைக்கும் போகும். லேபிள்ல ஃப்ளோரைடுன்னு பார்த்தா கீழ வெச்சிட்டு வாங்க.

சாதாரணமா கிரானைட் கழுவ ஷாம்பு மாதிரி காரமும் புளிப்பும் இல்லாத சோப்புத் தண்ணியும் மைக்ரோஃபைபர் துணியும் போதும்.

தர்மபுரி டவுன்ல இருந்து ஒரு டீச்சர்: ஜன்னல் கண்ணாடி, டைல்ஸ் எல்லாம் வெள்ளை வெள்ளையா புள்ளி. நம்ம ஊர் ஃப்ளோரைடு தண்ணிதான் காரணமா?

இல்லைங்க டீச்சர். ஃப்ளோரைடு நம்ம ஊருக்கு நிஜமான தொல்லைதான், பல்லுல காவி ஏறினது, எலும்பு வளைஞ்சது எல்லாம் அதாலதான். அதுக்காகத்தானே 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனா குடிநீர்ல அதோட உச்ச வரம்பே லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான், அதைவிடச் சில மடங்கு இருந்தாலும் கண்ணாடியில கறையா தெரியாது. உங்க புள்ளி கால்சியமும் மெக்னீசியமும். போர் தண்ணியோட கடினத்தன்மை லிட்டருக்கு நூத்துக்கணக்கான மில்லிகிராம். தண்ணி காயும், சுண்ணாம்பு நிக்கும்.

அதுக்கு வெள்ளை வினிகர், இல்லைன்னா ஒரு லிட்டர் தண்ணியில ரெண்டு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் தூள். துணியில நனைச்சு அஞ்சு நிமிஷம் ஒட்டி வெச்சுத் துடைங்க. புளித்தண்ணியும் லேசான புள்ளிக்குக் கேக்கும், பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்கறப்ப மிச்சம் இருந்தா போட்டுப் பாருங்க. கடைசி அலசலுக்கு ஒகேனக்கல் தண்ணி எடுக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. வேண்டாம், அது குடிக்க. போர் தண்ணியிலயே அலசி, காயறதுக்குள்ள ரப்பர் வைப்பரால வழிச்சு விட்டா புள்ளியே வராது.

அரூர்ல இருந்து: பேஸ்மட்டத்துல ரெண்டடி உயரத்துக்குச் செம்மண் தெறிச்சு ஏறியிருக்கு. பிளீச் போட்டும் போகல.

போகாது. செம்மண்ணோட செவப்பு இரும்பு, பிளீச் அதைத் தொடாது. முதல்ல காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி உதிர்த்துடுங்க. நனைச்சிட்டுத் தேய்ச்சா மண்ணைச் சுவருக்குள்ள ஏத்தற மாதிரி. அப்புறம் சோப்புத் தண்ணி, தென்னைநார் பிரஷ். அதுக்கும் மேல செவப்பு நின்னா மேல சொன்ன ஆக்ஸாலிக். அடுத்த மழைக்கு முன்னாடி சுவரோரம் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி கொட்டிடுங்க, மண் தெறிக்கறதே நின்னுடும்.

இன்னொரு அரூர்க்காரர்: கிரில்ல இருந்து வழிஞ்ச துருக் கோடு?

அதே ஆக்ஸாலிக். ஆனா கிரில்லுக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்காம கோட்டை மட்டும் எடுத்தா ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

காவேரிப்பட்டணத்துல இருந்து: சுவர் அடியில வெள்ளையா மாவு மாதிரி உப்பு பூக்குது. எதை ஊத்திக் கழுவலாம்?

எதையும் ஊத்தாதீங்க! தண்ணி ஊத்தினா உப்பு கரைஞ்சு உள்ளே போய் காய்ஞ்சதும் மறுபடி வெளியே வரும். தரையிலயிருந்து ஓதம் ஏறுது, இல்ல பக்கத்துல ஒரு பைப் கசியுது. அதைக் கண்டுபிடிச்சு நிறுத்தணும். உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால உதிர்த்து முறத்துல அள்ளி வெளியே கொட்டுங்க, சுவரடியிலயே விட்டுடாதீங்க. ஆசிட் ஊத்தினா அதுல இருக்கிற குளோரைடு கான்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஈரம் காயாம எந்த பெயின்ட்டும் நிக்காது. டேம்ப் புரூஃப்னு என்னதான் பேர் போட்டிருந்தாலும் சரி.

ஓசூர்ல இருந்து ஒருத்தர்: ஹைவே ஓரம் வீடு. ஏசிபி ஷீட்டும் (அலுமினியத் தகடு ஒட்டின பலகை) கண்ணாடியும். லாரிப் புகை படிஞ்சு கருப்பா இருக்கு.

புகைக் கருப்புக்கு பிளீச் வேண்டாம், ஆசிட் வேண்டவே வேண்டாம். காரமில்லாத சோப்பு, நிறையத் தண்ணி, மெத்துன்னு பிரஷ். எண்ணெய்ப் பிசுக்குக்குப் போடற காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னுடும், அதைக் கிட்ட சேர்க்காதீங்க.

ஊத்தங்கரையில இருந்து: பிளீச்சும் ஆசிட்டும் சேர்த்துப் போட்டா ரெட்டிப்பா வெளுக்கும்னு எங்க தெருவுல ஒருத்தர் சொல்றார்...

இதை எல்லாரும் நிறுத்திப் படிங்க. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். முதல் உலகப் போர்ல 1915-ல ஆளுங்களைக் கொல்ல விட்ட அதே வாயு.

பத்து வருஷம் முன்னாடி ஒரு கல்யாண மண்டபத்துச் சுவருக்கு பிளீச் அடிச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். என்கிட்ட வேலை பார்க்கிற பையன் ஒருத்தன், "இந்தத் திட்டு போகல"ன்னு அது மேலயே ஆசிட்டை ஊத்திட்டான். மஞ்சப் பச்சையா புகை, அவன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைச்சான், இன்னைக்கும் என்கூடத்தான் வேலை பார்க்கிறான். தப்பு என் மேல, ரெண்டு கேனையும் ஒரே இடத்துல வெச்சது நான்தான். அன்னையில இருந்து என் வண்டியில ஆசிட் கேன் ஏறுனதில்ல.

மூச்சு முட்டினா உடனே திறந்த வெளிக்குக் கூட்டிட்டுப் போங்க, 108-க்கு அடிங்க. கண்ணுல மருந்து தெறிச்சா 15 நிமிஷம் விடாம தண்ணி ஓடவிட்டுட்டு அப்புறம் டாக்டர். ஒரே சுவருக்கு ரெண்டு மருந்து வேணும்னா ஒண்ணை முழுசா அலசி, ஒரு நாள் காயவிட்டு அடுத்தது.

காரிமங்கலத்து அக்கா: மாட்டுத் தொட்டி சுவரோரமே இருக்கு.

தொட்டியைக் காலி பண்ணிக் கவுத்து வெச்சுட்டுத்தான் வேலையைத் தொடங்கணுங்க்கா. அலசின தண்ணி கிணத்துப் பக்கமோ மீன் விட்ட குட்டைப் பக்கமோ போகாம வரப்பு கட்டிடுங்க. கொஞ்சம் குளோரின் போனாலே மீன் செத்துடும்.

தேன்கனிக்கோட்டையில இருந்து ஒரு தம்பி: பாட்டி வீடு. நாட்டு ஓடு, சுண்ணாம்புச் சுவர். பிரஷர் கன் வாடகைக்கு எடுத்து அடிச்சிடலாமா?

அடிச்சா சுவர் தெருவுக்கு வந்துடும் தம்பி. சுண்ணாம்புச் சுவருக்கு பிரஷரும் ஆகாது, மருந்தும் ஆகாது. விளக்குமாறால தூசி தட்டு, உதிர்ற இடத்தைச் சுரண்டு, புதுசா சுண்ணாம்பு அடி. நல்லா நீத்துப்போன புதுச் சுண்ணாம்போட காரத்துல பாசி வளராது. பாட்டி காலத்துல வருஷா வருஷம் போகிக்கு வெள்ளையடிச்சது அழகுக்கு மட்டும்னு நெனச்சியா? ஓட்டு மேல ஏறாதே, ஏணியில நின்னு மெத்துன்னு பிரஷ்ஷால பாசியைத் தள்ளிவிடு.

எமல்ஷன் அடிச்ச சிமென்ட் சுவருக்கு பிரஷர் கன் சரி. ஆனா அகலமா விரியற மூக்கு, ரெண்டடி தள்ளி நின்னு. பாசியைக் கொல்றது மருந்தோட வேலை, கன் அலச மட்டும்.

கடைசியா பர்கூர்ல இருந்து: எந்த நேரத்துல அடிக்கலாம்? அடிச்சு எத்தனை நாள்ல பெயின்ட்?

காலையில சுவர்ல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. கிழக்குச் சுவரை மட்டும் சாயங்காலத்துக்கு வைங்க. மார்கழிப் பனிக்குக் காய நேரமாகும். ரெண்டு மூணு நாள் நல்ல வெயில் காட்டி, உள்ளங்கை வெச்சுப் பார்த்து ஜில்லுன்னு இல்லைன்னா பிரைமர் தொடங்குங்க.