இரண்டு அந்தியோகியாக்கள்

வணக்கம் நண்பரே. பைபிளின் அப்போஸ்தலர் நூலில், 13-ஆம் அதிகாரத்தில், கிறிஸ்தவத்தைப் பரப்பப் பயணம் போன பவுல் அந்தியோகியாவிலிருந்து கிளம்பி, கடல் கடந்து, மறுபடியும் அந்தியோகியாவுக்கே வந்து சேருகிறாரே, அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழையே இல்லை. அவை இரண்டு ஊர்கள்.

கிளம்பிய ஊர் சிரியாவின் அந்தியோகியா. அலெக்சாந்தரின் தளபதி செலூக்கஸ், கி.மு. 300-இல் ஒரொந்தேஸ் ஆற்றங்கரையில் கட்டியது. தன் தந்தை அந்தியோக்கஸின் பெயரை அதற்கு வைத்தார் என்பது பழைய வரலாற்றாசிரியர்கள் பலரின் கூற்று. அந்தப் பெயரில் அவர் பதினாறு ஊர்களை நிறுவியதாகப் பழங்கால வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார்! இன்று அது துருக்கியின் அந்தாக்யா; 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போன அதே நகரம். நினைத்தாலே மனம் கனக்கிறது.

போய்ச் சேர்ந்தது பிசீதியாவின் அந்தியோகியா. அதன் இடிபாடுகள் துருக்கியின் யால்வாச் ஊரருகே உள்ளன.

14-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். 21-ஆம் வசனத்தில் லீஸ்திரா, இக்கோனியாவோடு சேர்ந்து வருவது பிசீதிய ஊர். ஐந்தே வசனம் தள்ளி, அத்தலியாவில் கப்பலேறிப் போவது சிரிய ஊருக்கு. பக்கத்தில் எந்த ஊர்ப்பெயர் நிற்கிறது என்று பார்த்தாலே குழப்பம் தீரும். நான் ஓரத்தில் பென்சிலால் 'சி', 'பி' என்று குறித்துவைத்திருக்கிறேன்.

அரசர்களிலும் இதே கதைதான்: செலூக்கஸ் தொடங்கிய செலூக்கிய வம்சத்தில் மட்டும் பதின்மூன்று அந்தியோக்கஸ்கள். எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியவர் நான்காமவர். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'அந்தியோக' என்ற யவன அரசர் இரண்டாமவர் என்பதே பெரும்பாலோர் கருத்து.