வங்கியிலேயே இலவசமாகச் சொல்கிறார்களே, நிதி ஆலோசகருக்குத் தனியாகக் கட்டணம் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் யாரை நம்புவது?

கேள்வியில் இருக்கும் "இலவசமாக" என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கைக்கோ வீட்டுப் பெரியவர் கைக்கோ மொத்தமாக ஒரு தொகை வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

அப்பா அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 33 வருடம் தமிழாசிரியர். 2016 மே மாதம், 58 வயதில் ஓய்வு பெற்றார். ஆகஸ்ட்டில் பணிக்கொடை, கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) எல்லாம் சேர்ந்து 18 லட்சம் அவர் கணக்கில் ஏறியது. நாலாம் நாளே வங்கியிலிருந்து போன். கிளையில் ரிலேஷன்ஷிப் மேனேஜராக இருந்த பையன், "ஐயா, நான் உங்ககிட்ட ஒன்பதாவது படிச்சவன்" என்று பேச ஆரம்பித்திருக்கிறான். மறுநாள் அப்பா வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, பழைய மாணவனைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தோடு கிளம்பிப் போனார். டீ வாங்கிக் கொடுத்தானாம். "எஃப்டி மாதிரிதான் ஐயா, அதைவிட நல்லது, அஞ்சு வருஷத்துல எடுத்துக்கலாம்" என்று சொல்லி 2 லட்சத்துக்குக் கையெழுத்து வாங்கினான். மீதியை வழக்கமான எஃப்டியில் போட்டார்கள்.

அடுத்த ஆகஸ்ட்டில் குறுஞ்செய்தி வந்தது, இரண்டாவது பிரீமியம் 2 லட்சம் கட்டச் சொல்லி. அப்போதுதான் நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஃபைலைப் பிரித்தேன். அது ஆயுள் காப்பீட்டுப் பாலிசி. வருடம் 2 லட்சம் வீதம் பத்து வருடம் கட்ட வேண்டும், பதினைந்தாம் வருடம் முதிர்வு. பென்ஷன் வாங்கும் மனிதரிடம் 20 லட்சம்!

விண்ணப்பப் படிவத்தின் நகலைப் பார்த்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. பக்கம் பக்கமாக ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அப்பாவின் அழகான தமிழ்க் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் ஒரு உறுதிமொழி: விண்ணப்பதாரர் வட்டார மொழியில் கையெழுத்திட்டிருப்பதால், படிவத்தில் உள்ள அனைத்தும் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது, அவர் புரிந்துகொண்டார் என்று. அதன் கீழே அந்தப் பையனின் கையெழுத்து. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவருக்கு, அவர் ஊரிலேயே, அவர் மொழியில் ஒரு படிவம் கிடையாது. ஏடிஎம்மில் தமிழ் வருகிறது, கேஸ் புக்கிங்கில் தமிழ் வருகிறது. வாழ்நாள் சேமிப்பை எழுதிக்கொடுக்கிற தாளில் மட்டும் ஏன் வர மாட்டேன் என்கிறது? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், மன்னியுங்கள். எங்கே பேச்சை எடுத்தாலும் எனக்கு இங்கேதான் வந்து நிற்கிறது.

நிறுவனத்துக்குப் புகார் எழுதினோம். பாலிசி கையில் கிடைத்த 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பியிருக்க வேண்டும் என்றார்கள். அதோடு, பாலிசி கொடுக்கும் முன் வந்த சரிபார்ப்பு அழைப்பின் பதிவும் இருக்கிறதாம். அதில் எல்லாக் கேள்விக்கும் அப்பா "ஆமாங்க" என்றிருக்கிறார். "ஒரு கால் வரும் ஐயா, எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க, இல்லன்னா ப்ராசஸ் ஆகாது" என்று அவன்தான் சொல்லிவைத்திருந்தான். காப்பீட்டுப் புகார்களை விசாரிக்க சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை என்றேன். அப்பா மறுத்துவிட்டார். "கையெழுத்து போட்டது நான்தானே. அந்தப் பையனுக்கு வேலை போயிடும்" என்றார். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் போக வேண்டும். அந்த ஒரு வருடத்தையும் சும்மா கழித்தோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நிறுவனம் மறுத்த பிறகுதான், விற்பனை செய்யாமல் கட்டணம் மட்டும் வாங்கும் ஆலோசகர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அப்பாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போனேன். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்றவர். கட்டணம் 10,000 ரூபாய். "பேசறதுக்குப் பத்தாயிரமா?" என்று பஸ்ஸில் வழியெல்லாம் அப்பா கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆலோசகர் முதல் ஒன்றரை மணி நேரம் எந்தத் திட்டத்தின் பெயரையும் சொல்லவில்லை. பென்ஷன் எவ்வளவு, அம்மாவுக்கு என்ன மருந்து, மருத்துவக் காப்பீடு உண்டா, வீடு யார் பெயரில், யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு அந்தப் பாலிசியை எடுத்தார். அதில் மூன்று வருடம் கட்டினால்தான் சரண்டர் மதிப்பே, அதாவது பாதியில் நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும் தொகையே, வரும். அப்போதும் உறுதியாகக் கிடைப்பது கட்டியதில் 30 சதவீதம். தாளில் போட்டுக் காட்டினார்: இன்னும் 4 லட்சம் கட்டினால் 6 லட்சத்துக்கு 1,80,000. இன்றே நிறுத்தினால் நஷ்டம் 2 லட்சம், மூன்று வருடம் கட்டிவிட்டு நிறுத்தினால் 4,20,000. "விட்டுடுங்க சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேறு யாருக்கும் மனசு வரவில்லை. கிளையில் போய்க் கேட்டபோது, "கட்டினது வீணாகாம இருக்க அடுத்த பிரீமியத்தைக் கட்டிடுங்க" என்றுதான் சொன்னார்கள்.

இன்னொன்றும் சொன்னார், அதைக் கேட்டு அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. 60 வயது ஆகாவிட்டாலும், 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர் பணப்பலன் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம் என்பது அப்போதைய விதி. (2023 நவம்பரில் அதை மூன்று மாதமாக்கினார்கள்.) 2016 ஆகஸ்ட்டில் வட்டி 8.6 சதவீதம், உச்சவரம்பு 15 லட்சம். முழுதாகப் போட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 32,250 ரூபாய் வந்திருக்கும். பல வங்கிகளிலேயே அந்தக் கணக்கைத் திறக்கலாம். டீ வாங்கிக் கொடுத்த மேஜையில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வங்கியில் வேலை பார்ப்பவர்கள் கோபப்பட வேண்டாம். டார்கெட் கொடுத்துக் கழுத்தை நெரிப்பது மேலே இருப்பவர்கள் என்று எனக்கும் தெரியும். எல்லா ஏஜென்ட்டும் மோசம் என்றும் சொல்லவில்லை. என் சித்தப்பாவே காப்பீட்டு ஏஜென்ட்தான். எங்கள் தெருவில் ஒருவர் இறந்தபோது, அந்த அம்மாவுக்காகப் படிவங்களை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் அலைந்து பணம் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் சித்தப்பா தன்னை ஏஜென்ட் என்றுதான் சொல்லிக்கொள்வார். ஒருநாளும் ஆலோசகர் என்று சொன்னதில்லை.

அந்த வித்தியாசம்தான் உங்களுக்கு முக்கியம். மியூச்சுவல் ஃபண்ட் விற்பவருக்கு ஏஆர்என் என்ற எண் இருக்கும். அவருக்குக் கமிஷன் ஃபண்ட் நிறுவனத்திலிருந்து வருகிறது, நீங்கள் பணத்தை எடுக்கும் வரை வருடாவருடம். விற்பவர் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானுக்கும், 2013 ஜனவரியில் வந்த, நாமே நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானுக்கும் செலவில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அதுதான். ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 10 லட்சத்துக்கு வருடம் 10,000. எங்கள் ஆலோசகர் ஒருமுறை கேட்ட அதே தொகை! பில் வராததால் இலவசம் போலத் தெரிகிறது. செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரின் எண் ஐஎன்ஏ என்று தொடங்கும். அவர் ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கி, விற்பனைக் கமிஷனும் வாங்கக் கூடாது. நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு வருடம் 1,51,000 வரை என்று வரம்பும் உண்டு. நாடு முழுவதும் இவர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். உங்கள் ஊரில் இல்லாவிட்டால் வீடியோ காலில் பேசுங்கள், அது போதும்.

செபி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, பெயர் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். டெலிகிராமில் அடுத்தவர் எண்ணைப் போட்டு ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். இத்தனை சதவீதம் நிச்சயம் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், அப்பா அன்றைக்குத் திருச்சியில் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: "நீங்க சொல்றதை நான் வாங்கினா உங்களுக்கு என்ன வரும்?" அவர் "ஒண்ணும் வராது சார், நீங்க கொடுத்த பத்தாயிரம்தான்" என்றார். ஏஜென்ட்டிடமும் இதையே கேட்கலாம். நல்லவர் தொகையைச் சொல்லிவிடுவார், சித்தப்பா சொல்வார்.

ஏற்கெனவே ஏதாவது பாலிசியில் கையெழுத்து போட்டிருந்தால் இன்றைக்கே தேதியைப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு இப்போது 30 நாள். 2024 அக்டோபருக்குப் பிறகு வந்த பாலிசிகளில் ஒரு வருடப் பிரீமியம் கட்டியிருந்தாலே ஏதோ கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

அப்பா 60 முடிந்ததும் 2018இல் அந்தச் சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்தார். இதை எழுதலாமா என்று நேற்று போனில் கேட்டேன். "எழுது, நாலு பேருக்கு உதவும். ஊர் பேரையும் பேங்க் பேரையும் மட்டும் போடாதே. அந்தப் பையன் படிச்சாலும் படிப்பான்" என்றார்.